மதர்போர்டில் எந்த ஃபேனை எங்கே மாட்டுவது?

முதல் தடவையாகச் சொந்தமாகக் கம்ப்யூட்டர் கட்டுபவர்கள் அதிகம் பயப்படுவது பிராசசரைப் பொருத்தும்போதுதான். ஆனால் அங்கே தடுமாறுபவர்கள் குறைவு. முக்கோணக் குறியைப் பார்த்து வைத்தால் அது தானாக உட்கார்ந்துவிடும். தடுமாற்றம் அதற்குப் பிறகுதான் வருகிறது. கேசிங்கின் முன்னால் மூன்று ஃபேன், பின்னால் ஒன்று, பிராசசர் மேல் ஒன்றோ இரண்டோ. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கறுப்பு வயர் தொங்கும். விளக்கு எரியும் ஃபேன் என்றால் கூடவே இன்னொரு வயர். மதர்போர்டைப் பார்த்தால் இங்கொன்றும் அங்கொன்றுமாக, பார்ப்பதற்கு ஒரே மாதிரியான நான்கு பின்கள். பக்கத்தில் பொடி எழுத்தில் ஏதோ ஒரு பெயர்.

எதில் மாட்டினாலும் ஃபேன் சுற்றிவிடும். சிக்கலே அதுதான். சுற்றுகிறதே, சரியாகத்தான் இருக்கும் என்று கேசிங்கை மூடிவிடுகிறோம். ஆனால் அந்த ஃபேன் எதன் சூட்டைப் பார்த்து வேகம் கூட்டும், எப்போது குறைக்கும், நின்றுபோனால் நமக்குச் சொல்லுமா சொல்லாதா என்பதெல்லாம் நாம் எந்த இடத்தில் மாட்டினோம் என்பதைப் பொறுத்தது. சிங்கப்பூர் மாதிரி வருஷம் முழுக்க ஒரே வெக்கையாக இருக்கும் ஊரில் இதைச் சரியாகச் செய்வது மிகவும் அவசியம் என்று நான் நினைக்கிறேன். இணையத்தில் நாம் பார்க்கும் வீடியோக்களில் பாதிக்கு மேல் குளிர்நாட்டு அறைகளில் எடுத்தவை. அவர்கள் சொல்லும் கணக்கு நம் அறைக்குப் பொருந்தாது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

அந்த நான்கு பின்கள்

மதர்போர்டை நல்ல வெளிச்சத்தில் வைத்து, சிபியு ஃபேன் (CPU_FAN) என்று எழுதியிருக்கும் இடத்தைக் கிட்டத்தில் பாருங்கள். சிபியு என்பது பிராசசர்தான். சுண்டுவிரல் நகத்தின் அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் அடிப்பாகம். அதிலிருந்து நான்கு பின்கள் நிமிர்ந்து நிற்கும். இப்படி வயர் மாட்டும் இடத்துக்கு ஹெடர் என்று பெயர். ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் 2.54 மில்லிமீட்டர். பின்களை ஒட்டி ஒரு பக்கத்தில் மட்டும் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் தடுப்பு எழும்பியிருக்கும். நன்றாகப் பார்த்தால், அந்தத் தடுப்பு நான்கு பின்களின் அகலத்துக்கும் இல்லை, முதல் மூன்று பின்களுக்குத்தான் இருக்கிறது. இனி ஃபேன் வயரின் முனையைப் பாருங்கள். பிளக்கின் ஒரு பக்கத்தில் இரண்டு மெல்லிய வரம்புகள் மேலிருந்து கீழாக ஓடும். மாட்டும்போது இந்த இரண்டு வரம்புகளும் அந்தத் தடுப்பின் இரு ஓரங்களிலும் அணைத்தபடி இறங்க வேண்டும். அப்படி இறங்கினால் மாட்டியது சரி. இறங்கவில்லை என்றால் திருப்பிப் பிடித்திருக்கிறீர்கள். பலம் கொடுத்து அழுத்தாதீர்கள், பின் வளைந்துவிடும்.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். மூன்று பின் பிளக்கையும் நான்கு பின் பிளக்கையும் ஒரே இடத்தில் மாட்ட முடிவதற்கும், இரண்டையுமே தலைகீழாக மாட்ட முடியாமல் இருப்பதற்கும் காரணம் அந்தச் சின்னத் தடுப்புதான்.

முதல் பின் கிரவுண்ட். மின்சாரம் திரும்பிப் போகும் வழி. இரண்டாவது 12 வோல்ட், மோட்டாரைச் சுற்ற வைப்பது. இவை இரண்டும் இருந்தாலே ஃபேன் ஓடும். பழைய காலத்து இரண்டு வயர் ஃபேன்களில் இவ்வளவுதான் இருந்தது.

மூன்றாவது பின்னில் மின்சாரம் ஃபேனுக்குப் போவதில்லை. ஃபேனிலிருந்து செய்தி வருகிறது. ஃபேனின் நடுக்குடத்துக்குள் இருக்கும் காந்தம் சுற்றும்போது, உள்ளே இருக்கும் ஒரு சென்சார் அதைக் கவனித்து, ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்புகளை இந்த வயரில் அனுப்பும். மதர்போர்டு அதை எண்ணிக்கொண்டே இருக்கும். விநாடிக்கு 40 துடிப்பு வந்தால் 20 சுற்று, அதாவது நிமிஷத்துக்கு 1,200 சுற்று. பயாஸ் திரையில் (விண்டோஸ் தொடங்குவதற்கு முன்னால் திறக்கக்கூடிய போர்டின் அமைப்புத் திரை) ஃபேன் பெயருக்கு எதிரே நாம் பார்க்கும் எண் இப்படித்தான் கிடைக்கிறது. ஃபேன் தூசியில் சிக்கி நின்றுபோனால் துடிப்பும் நின்றுபோகும், போர்டுக்கு உடனே தெரிந்துவிடும்.

நான்காவது பின்தான் போர்டு ஃபேனுக்கு வேகம் சொல்லும் வழி. 2004-ஐ ஒட்டி இன்டெல் நான்கு வயர் ஃபேன்களுக்கான விதிமுறையை வெளியிட்ட பிறகு இது பரவியது. பிடபிள்யூஎம் (PWM) என்று பெட்டியில் போட்டிருப்பார்களே, அது இதைத்தான் குறிக்கிறது. இந்த வயரில் ஒரு சிக்னல் விநாடிக்கு ஏறக்குறைய 25,000 தடவை போட்டு அணைக்கப்படும். ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் போட்டிருக்கிறது, எவ்வளவு நேரம் அணைந்திருக்கிறது என்ற விகிதம்தான் செய்தி. பாதி நேரம் போட்டிருந்தால் 50 சதவீதம் என்று ஃபேன் புரிந்துகொள்ளும். 12 வோல்ட் குறைவதே இல்லை. அது முழுசாக வந்துகொண்டே இருக்கும். ஃபேனுக்குள் இருக்கும் சின்னச் சர்க்யூட் இந்தச் செய்தியைப் பார்த்து மோட்டாருக்கு எவ்வளவு கொடுப்பது என்று முடிவு செய்கிறது. ஏன் 25,000? மனிதக் காது ஏறக்குறைய 20,000 வரைதான் கேட்கும். அதற்குக் கீழே வைத்தால் மோட்டாரிலிருந்து மெல்லிய ரீங்காரம் கேட்கும்.

இதில் மனத்தில் வைக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நான்காவது வயரில் செய்தி எதுவும் வராவிட்டால் ஃபேன் நிற்காது, முழு வேகத்தில் ஓடும். வேண்டுமென்றே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். வயர் அறுந்தாலும் சூடு ஏறிவிடக்கூடாது அல்லவா? பின்னால் வரும் பாதிக் குழப்பங்களுக்கு விடை இந்த ஒரு விஷயத்திலேயே இருக்கிறது.

மூன்று பின் ஃபேன், நான்கு பின் போர்டு

என் அக்கா மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறான். முதல் கம்ப்யூட்டரைத் தானே கட்டுவேன் என்று உட்கார்ந்தவன், ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். "மாமா, ஃபேன்ல மூணு ஓட்டைதான் இருக்கு. போர்டுல நாலு பின் நிக்குது. தப்பா வாங்கிட்டேனா?"

தப்பே இல்லை. அப்படியே மாட்டு, நாலாவது பின் சும்மா வெளியே நிற்கட்டும் என்று சொன்னேன். மாட்டினான். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் செய்தி. "சுத்துது மாமா. ஆனா சத்தம் தாங்கல. அம்மா வேற கத்துறாங்க."

நடந்தது இதுதான். மூன்று பின் ஃபேனுக்கு நான்காவது பின்னில் வரும் செய்தியைக் கேட்க வழியில்லை. அதன் வேகத்தைக் குறைக்க ஒரே வழி, இரண்டாவது பின்னில் வரும் 12 வோல்ட்டையே குறைப்பது. 7 வோல்ட் கொடுத்தால் மெதுவாக ஓடும், 12 கொடுத்தால் முழு வேகத்தில் ஓடும். பயாஸில் இதற்கு டிசி (DC) என்று பெயர். அவன் மாட்டிய இடம் பயாஸில் பிடபிள்யூஎம் என்று வைக்கப்பட்டிருந்தது. போர்டு 12 வோல்ட்டை அப்படியே விட்டுவிட்டு, காலியாக நிற்கும் நான்காவது பின்னில் மெதுவாகப் போ, மெதுவாகப் போ என்று செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. அதைக் கேட்க ஃபேன் பக்கத்தில் யாரும் இல்லை. பயாஸில் அந்த ஹெடருக்கு மட்டும் டிசி என்று மாற்றியதும் சத்தம் அடங்கியது.

இப்போது வரும் பல போர்டுகளில் ஆட்டோ என்று ஒன்று இருக்கும். ஃபேனைப் பார்த்து அதுவே கண்டுபிடிக்கும். பெரும்பாலும் சரியாகவே கண்டுபிடிக்கிறது. ஆனால் காரணமில்லாமல் ஒரு ஃபேன் முழு வேகத்தில் ஓடினால், ஃபேனைக் குறை சொல்வதற்கு முன்னால் இந்த ஒரு அமைப்பைப் பாருங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. நான்கு பின் ஃபேனை மூன்று பின் மட்டும் உள்ள பழைய போர்டில் மாட்டலாம். வேகச் செய்தி வராததால் முழு வேகத்தில் ஓடும். போர்டு வோல்ட்டைக் குறைக்கத் தெரிந்ததாக இருந்தால் அதற்கேற்ப மெதுவாகும்.

இரண்டில் எதை வாங்குவது என்று கேட்டால், விலையில் பெரிய வித்தியாசம் இல்லாதபோது நான்கு பின்னையே வாங்குங்கள். வோல்ட்டைக் குறைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் மோட்டாருக்குத் தொடங்கவே பலம் இருக்காது. நின்ற இடத்தில் துடித்துக்கொண்டிருக்கும். நான்கு பின் ஃபேனுக்கு 12 வோல்ட் எப்போதும் இருப்பதால் இன்னும் மெதுவான வேகத்திலும் தடுமாறாமல் ஓடும்.

மெதுவாக ஓடுவதில் என்ன லாபம் என்று சிலர் நினைக்கலாம். ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் அது தள்ளும் காற்று ஏறக்குறைய பாதியாகிறது. ஆனால் அது சுற்றத் தேவைப்படும் சக்தி எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. சத்தமும் காதுக்கு நன்றாகத் தெரியும்படி இறங்கிவிடும். ஒரு ஃபேனை 1,400-ல் அலற விடுவதைவிட, இரண்டை 700-ல் ஓட விட்டால் ஏறக்குறைய அதே காற்று, சத்தமோ மிகக் குறைவு. அப்பா அம்மா பக்கத்து அறையில் தூங்கும் மூவறை வீட்டில் இது சாதாரண விஷயம் இல்லை.

பெயரைப் பார்த்து மாட்டுங்கள்

சிபியு ஃபேன் என்ற ஹெடர் பிராசசரின் கூலருக்கு மட்டும். இதில் வேறு எதையும் மாட்டாதீர்கள். இதை வெறுமனே விடவும் கூடாது. கம்ப்யூட்டரைப் போட்டதும் பெரும்பாலான போர்டுகள் முதலில் இந்த ஹெடரின் மூன்றாவது பின்னில் துடிப்பு வருகிறதா என்று பார்க்கும். வரவில்லை என்றால் சிபியு ஃபேன் எரர் என்று திரையில் போட்டு அங்கேயே நின்றுவிடும். புதிதாகக் கட்டியவர்கள் பலர் இதைப் பார்த்துப் பதறி, போர்டு கெட்டுவிட்டது என்று பெட்டியில் போட்டுக்கொண்டு சிம் லிம் ஸ்குவேர் கம்ப்யூட்டர் கடைக்கே திரும்பத் தூக்கிப்போக நினைப்பார்கள். கூலரின் வயர் பக்கத்து ஹெடரில் மாட்டியிருக்கும், அவ்வளவுதான்.

கூலரில் இரண்டு ஃபேன் இருந்தால் இரண்டாவதற்கு சிபியு ஆப்ட் (CPU_OPT) என்ற ஹெடர். இது சிபியு ஃபேன் ஹெடருக்குத் துணை. அநேக போர்டுகளில் இரண்டும் ஒரே வேகக் கட்டளையைத்தான் பெறும்.

கேசிங்கில் இருக்கும் ஃபேன்களுக்கு அசூஸ், ஆஸ்ராக் போர்டுகளில் சிஎச்ஏ ஃபேன் (CHA_FAN) என்றும், கிகாபைட், எம்எஸ்ஐ போர்டுகளில் சிஸ் ஃபேன் (SYS_FAN) என்றும் எழுதியிருக்கும். பெயர்தான் வேறு, வேலை ஒன்றுதான். எண் 1, 2, 3 என்று இருந்தால் எதில் எதை மாட்டினாலும் தவறில்லை. முன்பக்க ஃபேன்களை ஒரு எண்ணிலும் பின்பக்கத்தை இன்னொன்றிலும் மாட்டி, எது எது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். பயாஸுக்குள் போகும்போது அந்தத் தாள் கையில் இருந்தால் நிம்மதி.

தண்ணீர் ஓடும் கூலர் வாங்கியவர்களுக்குப் பம்ப் என்று எழுதிய ஹெடர் இருக்கும். சாதாரண ஃபேன் ஹெடர் பொதுவாக 1 ஆம்பியர் வரை தரும். பம்ப் ஹெடர்கள் பலவும் 2, சில 3 ஆம்பியர் வரை தரும். பம்ப் வயர் அதில், ரேடியேட்டர் (தண்ணீரின் சூட்டை வெளியேற்றும் பகுதி) மேல் இருக்கும் ஃபேன்களின் வயர் சிபியு ஃபேனில். பம்ப்பைப் பொறுத்தவரை பயாஸில் எப்போதும் முழு வேகம் என்று வைத்துவிடுவதே நல்லது. சூட்டைப் பார்த்து அதை மெதுவாக்கிக் கிடைக்கும் லாபம் சொற்பம்.

சரி, கிராஃபிக்ஸ் கார்டில் இருக்கும் ஃபேன்களுக்கு எங்கே வயர் மாட்டுவது? எங்கேயும் வேண்டாம். அந்தக் கார்டு தன் ஃபேன்களைத் தானே பார்த்துக்கொள்ளும்.

ஹெடர் போதாவிட்டால்

விலை குறைந்த சின்னப் போர்டுகளில் கேசிங் ஃபேனுக்கு இரண்டே ஹெடர்தான் இருக்கும். கேசிங்கிலோ நான்கு ஃபேன். அதற்காகப் போர்டை மாற்ற வேண்டியதில்லை. ஒரு வயர் இரண்டாகவோ மூன்றாகவோ பிரியும் ஸ்ப்ளிட்டர் சில வெள்ளிக்குக் கிடைக்கிறது. ஆனால் வாங்குவதற்கு முன்னால் ஒரு சின்னக் கூட்டல் கணக்குப் போட வேண்டும். ஃபேனைத் திருப்பினால் நடுவில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் 12 வோல்ட் என்றும் பக்கத்தில் ஆம்பியரும் போட்டிருக்கும். நல்ல தரமான 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று 0.1 முதல் 0.3 ஆம்பியருக்குள் இருக்கும். நொக்டுவாவின் ஏ12x25 ஃபேன் 2,000 சுற்று வேகத்திலும் 0.14 ஆம்பியர்தான். 0.2 உள்ள மூன்று ஃபேன்களைக் கூட்டினால் 0.6. ஹெடர் 1 ஆம்பியர் தரும் என்றால் தாராளம். ஆனால் நின்றிருக்கும் ஃபேன் சுற்றத் தொடங்கும் அந்த முதல் கணத்தில் கூடுதலாக இழுக்கும். அதனால் 0.9 வரை நிரப்பாதீர்கள். ஒரு ஹெடருக்கு மூன்று ஃபேன், அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. பழைய பொருள் விற்கும் கரோசெல் தளத்தில் ஃபேன் வாங்கினால் அந்த ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சில பழைய ஃபேன்கள் அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும்.

ஸ்ப்ளிட்டரின் பிளக்குகளைக் கவனித்தால் ஒன்றில் நான்கு வயரும் இருக்கும், மற்றதில் மூன்றாவது வயர் மட்டும் விடுபட்டிருக்கும். மட்டமான ஸ்ப்ளிட்டர் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு ஃபேன்களும் சேர்ந்து ஒரே வயரில் துடிப்பு அனுப்பினால் போர்டின் எண்ணிக்கை குழம்பிவிடும். அதனால் ஒரு ஃபேன் மட்டும் வேகம் சொல்லும். விளைவு என்ன என்றால், மற்ற ஃபேன் நின்றுபோனாலும் போர்டுக்குத் தெரியாது. மாதம் ஒருமுறையாவது கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஸ்ப்ளிட்டரில் ஒரே வகை ஃபேன்களை மாட்டுவதும் நல்லது. ஒன்று மூன்று பின், இன்னொன்று நான்கு பின் என்று கலந்தால் ஒரே கட்டளைக்கு இரண்டும் வெவ்வேறு மாதிரி நடக்கும்.

நான்கைந்து ஃபேனுக்கு மேல் என்றால் ஹப் வாங்கலாம். அது மின்சாரத்தைப் பவர் சப்ளையின் சாட்டா வயரிலிருந்து எடுத்துக்கொள்ளும், போர்டிலிருந்து வேகச் செய்தியை மட்டும் வாங்கி எல்லா ஃபேனுக்கும் பிரித்துக் கொடுக்கும். போர்டுக்குப் பாரமே இல்லை. ஆனால் இந்த மாதிரி ஹப்பில் மூன்று பின் ஃபேனை மாட்டினால் பெரும்பாலும் முழு வேகம்தான். காரணம் மேலே சொன்னதுதான்.

விளக்கு வயரில் மட்டும் மிகக் கவனம்

இந்தக் கட்டுரையில் ஒரு பொருள் மிக எளிதில் எரிந்துபோகக்கூடிய இடம் இதுதான். கலர் விளக்கு உள்ள ஃபேன்களில் விளக்குக்குத் தனி வயர் வரும். அதில் இரண்டு வகை. ஆர்ஜிபி (RGB) என்பது 12 வோல்ட், நான்கு பின். ஏஆர்ஜிபி (ARGB) என்பது 5 வோல்ட், நான்கு பின் அளவு இடத்தில் ஒரு பின் இல்லாமல் மூன்று பின். 5 வோல்ட் விளக்கை 12 வோல்ட் இடத்தில் மாட்டினால் விளக்குகள் ஒரே நொடியில் போய்விடும். பிளக்கின் வடிவம் வேறு என்பதால் சாதாரணமாக உள்ளே போகாது. பலம் கொடுத்து நுழைத்தால் போகும். எந்த ஹெடர் பக்கத்தில் 5 வோல்ட் என்று எழுதியிருக்கிறது, எதில் 12 வோல்ட் என்று எழுதியிருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். இந்த விளக்கு வயரை ஃபேன் ஹெடரிலும் மாட்டக்கூடாது.

மாட்டும் வரிசை

சுவிட்சை அணைத்து, கம்ப்யூட்டரின் மின்சாரப் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். போர்டின் மேல் ஓரத்தில் இருக்கும் சிபியு ஃபேன் ஹெடர், போர்டைக் கேசிங்குக்குள் வைத்த பிறகு மேல்தகட்டுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். ரேடியேட்டரை மேலே மாட்டிவிட்டால் விரலே நுழையாது. கீழ் ஓரத்தில் இருக்கும் கேசிங் ஃபேன் ஹெடர்களைக் கிராஃபிக்ஸ் கார்டு மறைத்துவிடும். ஆகவே ஃபேன் வயர்களை எல்லாம் முதலில் மாட்டி, கிராஃபிக்ஸ் கார்டைக் கடைசியில் வையுங்கள்.

காற்று எந்தப் பக்கம் போகும் என்பதையும் பார்க்க வேண்டும். ஃபேனின் ஒரு பக்கம் இறக்கைகள் திறந்தபடி தெரியும். மறுபக்கம் நடுக்குடத்தைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் இருக்கும், வயரும் அந்தப் பக்கம்தான் வரும். திறந்த பக்கத்தில் காற்று நுழைந்து கம்பிப் பக்கமாக வெளியே வரும். முன்னாலும் கீழேயும் உள்ளவை உள்ளே இழுக்கட்டும், பின்னாலும் மேலேயும் உள்ளவை வெளியே தள்ளட்டும். சூடான காற்று மேலே போகும் என்பதைவிட, ஒரே திசையில் தடையில்லாமல் ஓடுவதுதான் இங்கே முக்கியம். உள்ளே இழுப்பவை கொஞ்சம் அதிகமாக இருந்தால் இன்னும் நல்லது. அப்போது கேசிங்குக்குள் காற்றழுத்தம் சற்றே கூடி, இடுக்குகள் வழியாகக் காற்று வெளியேதான் வரும். தூசி வலை வைத்த முன்பக்கம் வழியாக மட்டுமே உள்ளே நுழையும். விரைவுச்சாலையை ஒட்டிய புளோக்கில் ஜன்னலைத் திறந்து வைத்திருப்பவர்களுக்கும், புகைமூட்டம் வரும் மாதங்களிலும் இதன் அருமை தெரியும்.

சந்தேகமாக இருந்தால் ஒரு டிஷ்யூ தாளைக் கிழித்து ஃபேனுக்குப் பக்கத்தில் பிடியுங்கள். ஒட்டிக்கொண்டால் இழுக்கிறது, பறந்தால் தள்ளுகிறது.

நம் ஊர் சூட்டுக்குக் கணக்கு

ஃபேன் எதையும் குளிர வைப்பதில்லை. அறையில் இருக்கும் காற்றைக் கொண்டுவந்து சூட்டை வாரிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். எனவே எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் பிராசசரின் சூடு அறையின் சூட்டுக்குக் கீழே போகாது. ஒரே வேலை, ஒரே ஃபேன் வேகம் என்றால், பிராசசர் அறையைவிட எத்தனை டிகிரி மேலே நிற்கும் என்பது ஏறக்குறைய மாறாது. 22 டிகிரி அறையில் 62-ல் நிற்கும் பிராசசர், 31 டிகிரி அறையில் 71-ல் நிற்கும். கம்ப்யூட்டரில் குறை எதுவும் இல்லை. அறைதான் ஒன்பது டிகிரி கூட.

சிங்கப்பூரில் பகலில் 31, 32 டிகிரி என்பது வருஷம் முழுக்கச் சாதாரணம். ஏர்கான் போடாத வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு அறை, ராத்திரியிலும் எளிதில் 30-ஐ விட்டு இறங்காது. குளிர்நாட்டுக்காரர் ஒருவர் தன் அறையில் அமைத்த வேகக் கோட்டை (எத்தனை டிகிரியில் ஃபேன் எவ்வளவு வேகம் என்று காட்டும் கோடு) நாம் அப்படியே எடுத்துப் போட்டால், அவருக்குச் சும்மா இருக்கும்போது 38 டிகிரி, நமக்கு 47. அவர் 45-ல் வேகம் கூட்டச் சொல்லியிருப்பார். நம் ஃபேன் ஒன்றுமே செய்யாதபோதும் ஓய்வில்லாமல் இரைந்துகொண்டிருக்கும். பலர் ஃபேன் மட்டம் என்று சொல்லி அதை மாற்றுகிறார்கள். மாற்ற வேண்டியது அந்த வேகக் கோட்டைத்தான்.

பயாஸில் இதற்கென்று ஒரு பக்கம் உண்டு. அசூஸில் கியூ-ஃபேன், கிகாபைட்டில் ஸ்மார்ட் ஃபேன், எம்எஸ்ஐயில் ஹார்ட்வேர் மானிட்டர். கீழே டிகிரி, பக்கவாட்டில் சதவீதம், நடுவில் இழுத்து நகர்த்தக்கூடிய நாலைந்து புள்ளிகள். ஏர்கான் இல்லாத அறைக்கு, பிராசசர் ஃபேனுக்கு நான் வைப்பது இப்படி: 50 டிகிரி வரை 35 சதவீதம், 65-ல் 50, 75-ல் 70, 85-ல் முழு வேகம். இன்றைய பிராசசர்கள் பெரும்பாலும் 95 அல்லது 100 டிகிரியைத் தொடும்போதுதான் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. அதனால் விளையாடும்போது 75 தெரிந்தால் கலங்க வேண்டாம். ஏர்கான் போட்டே உட்காருபவர்கள் ஒவ்வொரு புள்ளியையும் ஐந்தாறு டிகிரி இடப்பக்கம் நகர்த்தலாம்.

இன்னொன்று. பிராசசரின் சூடு கணத்துக்குக் கணம் தாவும். ஓர் இணையப் பக்கத்தைத் திறந்தால் பத்து டிகிரி ஏறி, இரண்டு விநாடியில் இறங்கிவிடும். ஃபேனும் கூடவே ஏறி இறங்கினால் அந்த ஏற்ற இறக்கச் சத்தம்தான் நிலையான சத்தத்தைவிட எரிச்சல் தரும். பயாஸின் அதே பக்கத்தில் ஃபேன் எத்தனை விநாடி பொறுத்து வேகம் மாற்றலாம் என்று வைக்க ஓர் இடம் இருக்கும். நாலைந்து விநாடி கொடுங்கள். கூலரின் உலோகப் பகுதி (ஹீட்சிங்க்) சூடேற அதைவிட அதிக நேரம் ஆகும் என்பதால் ஆபத்தில்லை.

கேசிங் ஃபேன்களுக்கு ஒவ்வொரு ஹெடரும் எந்தச் சூட்டைப் பார்க்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். இதைத்தான் முதலில் சொல்ல வந்தேன். நிறையப் பேருக்கு அது பிராசசரின் சூட்டிலேயே இருக்கும். ஆனால் விளையாடும்போது கேசிங்குக்குள் அதிகச் சூட்டைக் கொட்டுவது கிராஃபிக்ஸ் கார்டு. பிராசசர் 60-ல் சாதுவாக இருக்க, கார்டு 80-ல் கொதிக்க, கேசிங் ஃபேன்கள் எதுவும் தெரியாமல் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும். பல போர்டுகளின் பயாஸில் கார்டின் சூட்டைத் தேர்ந்தெடுக்க வழி இருக்காது. அப்படி என்றால் இரண்டு வழி. எளிய வழி, கேசிங் ஃபேன்களைப் பயாஸில் குறைந்தபட்சம் 40, 45 சதவீதத்துக்குக் கீழே இறங்காதபடி வைத்துவிடுவது. நம் ஊருக்கு நான் இதையே சொல்வேன். இன்னொன்று, ஃபேன் கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருளை விண்டோஸில் போட்டு, கார்டின் சூட்டுக்கு ஏற்பக் கேசிங் ஃபேன்களை ஓடச் சொல்வது. அது கார்டு, பிராசசர் இரண்டில் எது சூடோ அதைப் பார்க்கும்படியும் அமைக்கலாம்.

எல்லாம் முடிந்ததும் பயாஸில் ஒவ்வொரு ஹெடருக்கும் எதிரே சுற்று எண்ணிக்கை வருகிறதா என்று பாருங்கள். சுழியம் என்று காட்டி, ஃபேன் கண்ணுக்கு முன்னால் சுற்றிக்கொண்டிருந்தால் ஸ்ப்ளிட்டரில் மூன்றாவது வயர் இல்லாத பக்கத்தில் மாட்டியிருக்கலாம், அல்லது பிளக் முழுசாக இறங்காமல் இருக்கலாம். சுழியம் காட்டி ஃபேனும் நின்றிருந்தால், முதலில் வேகத்தை 60 சதவீதத்துக்கு ஏற்றிப் பாருங்கள். குறைந்த வேகத்தில் தொடங்கப் பலம் போதாமல் நின்ற ஃபேன் அப்போது சுற்றிவிடும். அப்புறமும் நின்றே இருந்தால் அதே வயரை வேறு ஹெடரில் மாட்டிப் பாருங்கள். அங்கே சுற்றினால் முதல் ஹெடரின் அமைப்பில் கோளாறு, அங்கேயும் நின்றால் ஃபேனைக் கடையில் மாற்றிக்கொள்ளலாம்.